இப்படி சம்மதம் வாங்கி ஆபரேஷன் பண்ணினா நான் கோர்ட்டுல நிக்கணும்

1/
நோயாளி என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை நான் வெளியில சொன்னா, மருத்துவக் கவுன்சில் என் மேல நடவடிக்கை எடுக்கலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்ல 7.14ன்னு தனி எண்ணே போட்டு எழுதி வெச்சிருக்காங்க. நீதிபதி உத்தரவு, குறிப்பிட்ட ஒருத்தருக்கோ சமூகத்துக்கோ வரக்கூடிய பெரிய ஆபத்து, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். இந்த மூணைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது.

அதே விஷயத்தை அதே நோயாளி ஒரு வெப்சைட்டுல டைப் பண்றாங்க. அது விளம்பரக் கம்பெனிக்குப் போகுது. அதுக்குப் பேரு 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்'.

நீளமான த்ரெட். கொஞ்சம் கோபமாவும் இருக்கும்.

2/
முதல்ல 'சம்மதம்'னா என்னன்னு ஒரு டாக்டர் பாணியில சொல்லிடறேன்.

2008ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. நோயைக் கண்டுபிடிக்க லேப்ராஸ்கோப்பி பண்ண மட்டும் சம்மதம் கொடுத்திருந்தாங்க ஒரு பெண். அவங்க மயக்கத்துல இருக்கும்போதே வெளியில இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் இல்லை. தீர்ப்பு என்ன? பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் பரிசோதனைக்கு மட்டும்தான். அதை வெச்சு சிகிச்சை பண்ண முடியாது. 'அவங்க நல்லதுக்குத்தான் பண்ணினேன்'ங்கிறது பதில் ஆகாது.

3/
அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் படிச்சு வந்த எல்லா டாக்டருக்கும் இது மனப்பாடம். எதுக்குன்னு சொல்லணும், புரியற மொழியில சொல்லணும், வேற வழி என்ன இருக்குன்னு சொல்லணும், 'வேண்டாம்'னு சொல்லவும் இடம் கொடுக்கணும். தமிழ் மட்டுமே தெரிஞ்ச பாட்டிகிட்ட இங்கிலீஷ் படிவத்துல கைரேகை வாங்கிட்டு ஆபரேஷன் பண்ணினா, வக்கீல் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார். கட்டணும்.

இப்போ டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் போடற ஆப், மாத்திரை வாங்கற ஆப், மாதவிடாய் தேதி குறிக்கற ஆப், லேப் வெப்சைட் எதை வேணா திறங்க. கீழே பொடி எழுத்துல பக்கம் பக்கமா இங்கிலீஷ். பக்கத்துல ஒரு டிக். டிக் போடலைன்னா உள்ளே விட மாட்டான். அதுவும் சம்மதம்தானாம்!

4/
"டாக்டர், நான் தைராய்டு பத்தி யார்கிட்டயும் பேசவே இல்லை, போன்ல தைராய்டு விளம்பரமா வருது. போன் ஒட்டுக் கேட்குதா?" வாரத்துல ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வருது.

ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. எப்படின்னு பார்ப்போம்.

5/
வெப்சைட் நடத்தறவங்க தங்கள் பக்கத்துல விளம்பரக் கம்பெனி கொடுக்கற ஒரு சின்ன கோட் துண்டை ஒட்டி வெப்பாங்க. 'பிக்சல்'னு பேரு. கண்ணுக்குத் தெரியாது. நீங்க பக்கத்தைத் திறந்த நொடியே அது ஃபேஸ்புக்குக்கோ கூகுளுக்கோ தகவல் அனுப்பும். எந்த இணைய முகவரியிலிருந்து வந்தீங்க, எந்த பிரௌசர், எந்தப் பக்கம் பார்த்தீங்க, எந்த பட்டனைத் தட்டினீங்க. ஏற்கெனவே உங்க பிரௌசர்ல அந்தக் கம்பெனியோட குக்கி இருந்தா, இது இன்னார்தான்னு அவங்களுக்கு ஆள் அடையாளமே தெரிஞ்சுடும்.

வெப்சைட்காரருக்கு இதுல என்ன லாபம்? வந்துட்டு மாத்திரை வாங்காமப் போனவரை மறுபடி தேடிப் பிடிச்சு விளம்பரம் காட்டலாம்.

6/
"வெறும் பக்கத்தோட முகவரிதானே சார் போகுது"ன்னு மார்க்கெட்டிங் தம்பிங்க சொல்வாங்க.

அந்த முகவரியைப் படிச்சுப் பாருங்க தம்பி. அதுலயே 'குழந்தையின்மை சிகிச்சை'ன்னு இருக்கும். 'போதை மீட்பு'ன்னு இருக்கும். மனநல மருத்துவர் பேரே இருக்கும். எங்க ஓ.பி. சீட்டுல மேலே எழுதற முதல் வரி அதுதான். அது போனா எல்லாம் போன மாதிரி.

7/
இதெல்லாம் கற்பனை இல்லை. அமெரிக்கக் கதைகள் சொல்றேன். அமெரிக்கா மட்டும்தான் மோசம்னு இல்லை. அங்கே ஒரு அரசு அமைப்பு, ஃபெடரல் டிரேட் கமிஷன், உள்ளே புகுந்து பார்த்து எழுதி வெச்சிருக்கு. இங்கே அந்த மாதிரி யாரும் இன்னும் பார்க்கலை. அதனால நமக்கும் அதுதான் ஆவணம்.

8/
குட்ஆர்எக்ஸ். மருந்து விலையில தள்ளுபடி கூப்பன் கொடுக்கற கம்பெனி. உங்க உடல்நலத் தகவலை விளம்பரக்காரங்களுக்குக் கொடுக்கவே மாட்டோம்னு எழுதி வெச்சிருந்தாங்க. நோயாளி ரகசியத்தைக் காக்கிற அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுறோம்ங்கிற மாதிரி ஒரு முத்திரை வேற பக்கத்துக்கு அடியில.

கமிஷன் 2023 பிப்ரவரில சொன்னது: குறிப்பிட்ட மருந்து வாங்கினவங்க பட்டியலையே தயார் பண்ணி, ஈமெயில், போன் நம்பரோட ஃபேஸ்புக்ல ஏத்தி, அவங்களுக்குன்னே விளம்பரம் காட்டினாங்க. அதாவது பிரஷர் மாத்திரை வாங்கினவங்க ஒரு கூட்டம், இதய மாத்திரை வாங்கினவங்க ஒரு கூட்டம். தப்பை ஒத்துக்காமலே 15 லட்சம் டாலர் கட்டிட்டு நடையைக் கட்டினாங்க.

9/
அதைவிட என் வயித்தைக் கலக்கினது பெட்டர்ஹெல்ப். ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனி. உள்ளே போனதும் கேள்வித்தாள். மன அழுத்தம் இருக்கா, தற்கொலை எண்ணம் வந்திருக்கா, மாத்திரை சாப்பிடறீங்களா, இதுக்கு முன்னாடி சிகிச்சை எடுத்திருக்கீங்களா. மனசு உடைஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கறவங்க, 'இது எனக்கும் கவுன்சலருக்கும் நடுவுலதான்'னு நம்பிப் பதில் எழுதறாங்க.

ஈமெயில் முகவரியும், முன்னாடி சிகிச்சை எடுத்தவங்கங்கிற தகவலும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், பின்ட்ரெஸ்ட், கிரிட்டியோன்னு விளம்பரச் சந்தைக்குப் போச்சுன்னு கமிஷன் சொல்லுச்சு. எதுக்கு? இவங்களை மாதிரியே இருக்கற வேற ஆட்களைத் தேடிப் பிடிச்சு விளம்பரம் காட்ட.

78 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க. திருப்பி வாங்கத் தகுதியானவங்க சுமார் 8 லட்சம் பேர். வகுத்துப் பாருங்க. ஒருத்தரோட மனநோய் ரகசியத்துக்கு விலை 10 டாலர்கூட இல்லை.

10/
இங்கே ஒரு தொழில்நுட்பச் சால்ஜாப்பு வரும். "ஈமெயிலை அப்படியே அனுப்பலை, ஹாஷ் பண்ணித்தான் அனுப்பினோம்." ஹாஷ்னா ஈமெயிலை ஒரு கணக்குல போட்டு, படிக்க முடியாத எழுத்துக் குவியலா மாத்தறது.

ஆனா உங்க ஈமெயில் ஃபேஸ்புக்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அவங்களும் அதே கணக்கைப் போட்டா அதே குவியல்தான் வரும். ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. பேஷன்ட் பேரை மறைச்சுட்டு ஐ.பி. நம்பரை மட்டும் சொல்ற மாதிரி. கேட்கறவர் கையில வார்டு ரிஜிஸ்டர் இருக்கும்போது அது என்ன மறைப்பு?

11/
மாதவிடாய் ஆப் ஃப்ளோ மேல 2021லயே அதே கமிஷன் நடவடிக்கை எடுத்துச்சு. அது தனிக் கதையா ஓடி, 2025 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல ஒரு ஜூரி மெட்டாவையே பொறுப்பாக்குச்சு. அனுமதி இல்லாம அந்தப் பெண்களோட தகவலை வாங்கினது அந்த மாநிலத்து அந்தரங்கச் சட்டத்துக்கு விரோதம்னு. கொடுத்தவன் மட்டும் இல்ல, வாங்கினவனும் குற்றவாளிதான். பல வருஷமா 'நாங்க வெறும் கருவி கொடுக்கறவங்க'ன்னு சொல்லிட்டு இருந்த கம்பெனிக்கு இது முதல் நல்ல அடி.

12/
"இதெல்லாம் ஆப் கம்பெனிங்க. ஆஸ்பத்திரி அப்படிப் பண்ணாது." இப்படி நினைக்கிற சக டாக்டர்களுக்காக.

2022 ஜூன்ல தி மார்க்கப்ங்கிற செய்தி நிறுவனம், நியூஸ்வீக் பட்டியல்ல இருந்த அமெரிக்காவோட முதல் 100 ஆஸ்பத்திரி வெப்சைட்டுகளைச் சோதிச்சுது. 33ல மெட்டா பிக்சல். அப்பாயிண்ட்மென்ட் பட்டனைத் தட்டினா தகவல் ஃபேஸ்புக்குக்கு. 2024 ஏப்ரல்ல கைசர் பெர்மனென்ட்டே தன் வெப்சைட், ஆப் வழியா தகவல் கூகுள், மைக்ரோசாஃப்ட் பிங், எக்ஸ் பக்கம் போயிருக்கலாம்னு 1 கோடியே 34 லட்சம் பேருக்குத் தெரிவிச்சுது.

யாரும் திருட வரலை. பூட்டை யாரும் உடைக்கலை. ஆஸ்பத்திரியே தன் கையால ஒட்டி வெச்ச கோட்.

13/
சரி, நம்ம ஊருக்கு வருவோம். பெரும்பாலானவங்க சொல்ற பதில் இதுதான்: "எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? சுகர்தானே. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது."

உங்களுக்குச் சுகர். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வலிப்பு. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வரலை, மாத்திரை மட்டும் தொடருது. மாத்திரை அட்டையில பேரு தெரியாம கத்தரிச்சு, வேற டப்பாவுல போட்டு வெச்சுக்கிற மருமகள்களைப் பார்க்காத டாக்டர் தமிழ்நாட்டுல இருக்க முடியாது. டிபி மருந்து சாப்பிடறது ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களோன்னு பயப்படற கட்டடத் தொழிலாளி. மனநல மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே வேலைக்கு இன்டர்வியூ போற பையன். குழந்தை இல்லைன்னு சிகிச்சை எடுக்கறதை மாமியார்கிட்டகூடச் சொல்லாத தம்பதி.

இவங்க யாரும் தப்பு பண்ணலை. மறைக்கறாங்க. ஏன்னா நம்ம சமூகம் எப்படிப்பட்டதுன்னு அவங்களுக்கு நம்மளைவிட நல்லாத் தெரியும்.

14/
கர்ப்பம் கலைஞ்சு போன பெண் இருக்காங்க. ஆப்புக்கு அது தெரியாது. தெரிஞ்சாலும், ஏற்கெனவே தகவலை வாங்கி வெச்சிருக்கிற விளம்பரக்காரனுக்குத் தெரியாது. பால் கட்டி வலிச்சுக்கிட்டு இருக்கும்போது போன்ல டயப்பர் விளம்பரம், தொட்டில் விளம்பரம். இதை 'பயனர் அனுபவம்'னு சொல்ற கூட்டத்தோட எனக்கு என்ன பேச்சு?

15/
சட்டம் இதையெல்லாம் உணர்ந்தேதான் இருக்கு, டாக்டர் விஷயத்துல மட்டும். எச்.ஐ.வி. நிலையை ரகசியமா வெக்க 2017 சட்டம். மனநல சிகிச்சையை ரகசியமா வெக்க அதே 2017ல இன்னொரு சட்டம். கருக்கலைப்பு செஞ்சுக்கிட்ட பெண்ணோட பேரை நான் வெளியிட்டா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 2021 திருத்தம். ரொம்ப சரி. ஆனா அதே பெண் எந்த மாத்திரையைத் தேடினாங்கன்னு தெரிஞ்சு வெச்சிருக்கிற ஆப்புக்கு இதுக்கு ஈடான பயம் எங்கே?

16/
பாதுகாப்பு லட்சணத்தையும் பார்த்துடுவோம். 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ். சர்வர்களை முடக்கிட்டாங்க. நாட்டோட முதன்மை ஆஸ்பத்திரி ரெண்டு வாரம் கையால சீட்டு எழுதி ஓட்டுச்சு. நெட்வொர்க்கை முறையாப் பிரிச்சு வைக்காததுதான் காரணம்னு அரசே நாடாளுமன்றத்துல சொன்னது. ஐ.சி.யூ.வுக்குள்ள வார்டு செருப்போட நடமாட விட்ட மாதிரி.

2024 செப்டம்பர்ல ஸ்டார் ஹெல்த். சென்னையைத் தலைமையிடமாக் கொண்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி. நம்மள்ல பல பேர் வீட்டுல அந்த பாலிசி இருக்கும். டெலிகிராம்ல ஒரு சாட்பாட் கிட்ட கேட்டா வாடிக்கையாளரோட பேரு, முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை நகல், டெஸ்ட் ரிசல்ட், என்ன நோய்ங்கிறது வரைக்கும் வந்துச்சு. 3 கோடிக்கும் மேல ஆட்களோட தகவல் இருக்குன்னு திருடினவர் சொன்னார். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் தடை வாங்குச்சு.

தடை வாங்கலாம். ஆனா கிரெடிட் கார்டு எண் போனா புது கார்டு கொடுப்பாங்க. உங்க பயாப்சி ரிப்போர்ட் போனா புது உடம்பு கொடுப்பாங்களா?

17/
இனி மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர். ஒரு பாராசிட்டமால் அட்டை. "சார், மொபைல் நம்பர் சொல்லுங்க." எதுக்கு? "பில் போடணும் சார், சிஸ்டம் கேட்குது."

சிஸ்டம் கேட்கும். சட்டம் கேட்கலை. கடுமையான கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்துகளுக்குக்கூட ரிஜிஸ்டர்ல எழுத வேண்டியது டாக்டர் பேரு-முகவரி, நோயாளி பேரு, மருந்து பேரு, அளவு. மொபைல் நம்பர் அதுல இல்லை. நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியாச்சு. கவுன்ட்டர்ல நிக்கற தம்பிகிட்ட சண்டை போடாதீங்க, அவர் சம்பளத்துக்கு நிக்கறவர். "நம்பர் வேண்டாம் தம்பி, பில் மட்டும் கொடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. வீட்டுக்கு டெலிவரி கேட்டா நம்பர் கொடுத்துத்தான் ஆகணும், அது நியாயம்.

18/
சட்டம்னு சொன்னதும், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். படிச்சுப் பார்த்தேன். அதுல சில நல்ல வரிகள் இருக்கு, அதை மறைக்க மாட்டேன்.

சட்டத்துக்குள்ளேயே உதாரணம் கொடுத்திருக்காங்க, அதுவும் நம்ம துறையில இருந்தே. ஒரு பெண் டெலிமெடிசின் ஆப் போடறாங்க. ஆப் அவங்க போன்ல இருக்கிற தொடர்பு எண்களையும் கேட்குது, அவங்களும் சரின்னுட்டாங்க. சட்டம் சொல்லுது: வைத்தியத்துக்கு அந்த எண்கள் தேவையில்லை, அதனால அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும்.

இன்னொரு உதாரணம் மருந்துக் கடையேதான். ரசீது அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தா, ரசீது அனுப்ப மட்டும் அதைப் பயன்படுத்தலாம். 2008 தீர்ப்போட அதே தர்க்கம்! சம்மதம் கேட்கறதைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகள்ல படிக்க வழி இருக்கணும்னும் எழுதியிருக்கு.

19/
இப்போ கசப்பு மாத்திரை.

2011 விதிகள்ல உடல்நிலை, மனநிலை, மருத்துவ ஆவணம் எல்லாம் 'உணர்திறன் மிக்க தகவல்'னு தனி வகை. 2023 சட்டத்துல அந்த வகையே இல்லை. உங்க எச்.ஐ.வி. ரிசல்ட்டும் நீங்க வாங்கின செருப்பு சைஸும் ஒரே தட்டுல.

கவனக்குறைவா தகவலைக் கசிய விட்ட கம்பெனிகிட்ட பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஐ.டி. சட்டத்துல 43ஏ பிரிவு இருந்துச்சு. புதுச் சட்டம் அதை நீக்குது. அபராதம் 250 கோடி வரைக்கும் போடலாம், ஆனா ஒரு ரூபாய்கூட பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு. ஆபரேஷன்ல தப்பு பண்ணினா டாக்டர் அபராதத்தை அரசு கஜானாவுல கட்டுவார், நோயாளி வீட்டுக்குப் போய்க்கலாம்னு ஒரு சட்டம் போட்டா நீங்க ஒத்துக்குவீங்களா?

அதோட, அற்பமான புகார் கொடுத்தா புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். இதைப் படிச்சுட்டு எந்தக் கட்டடத் தொழிலாளி புகார் கொடுப்பார்?

20/
விதிகளை 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க. கம்பெனிகளோட முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாசம், அதாவது 2027 மே. 'அந்தரங்கம் அடிப்படை உரிமை'ன்னு ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017 ஆகஸ்ட். கிட்டத்தட்ட பத்து வருஷம்.

21/
"நாங்க என்ன பண்ணலாம் டாக்டர்?" ஆண்ட்ராய்டு போன்ல பிரைவசி செட்டிங்ஸ்ல விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். ஐபோன்ல 'டிராக் பண்ணாதே'ன்னு சொல்லலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர் போட்டு அதுல யூபிளாக் ஆரிஜின் சேர்த்தா பெரும்பாலான பிக்சல் வேலை செய்யாது. தேவையில்லாத ஹெல்த் ஆப்பைத் தூக்குங்க. மாதவிடாய் தேதிக்குத் தினசரி காலண்டர் போதும், எந்தக் கம்பெனிக்கும் அது தகவல் அனுப்பாது.

ஆனா இதோட நிறுத்த மனசு வரலை. காலரா வந்த ஊர்ல தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சொல்லுவோம், சொல்லணும். அதுக்காக உடைஞ்ச குழாயை அப்படியே விட்டுட்டுப் போக முடியுமா? வலிப்பு இருக்கிற அந்தப் பொண்ணு, பிரௌசர் செட்டிங்ஸ் படிச்சுட்டா ஆஸ்பத்திரிக்கு வரணும்?

22/
குழாயைச் சரி பண்ண வேண்டியவங்கள்ல முதல் ஆள் நாமதான், சக டாக்டர்களே. விளம்பரக் கம்பெனியைத் திட்டறது சுலபம். எக்ஸ்ரேல பேரை மறைக்காம வாட்ஸ்அப் குரூப்ல போடறவங்க நம்ம ஆட்கள். ஆஸ்பத்திரிக்கு 'லீட்' வரலைன்னு ஏஜென்சியைத் திட்டறவங்களும் நம்ம ஆட்கள். நோயாளியை 'லீட்'னு கூப்பிட எப்போ கத்துக்கிட்டோம்?

7.14 விதி ஓ.பி. அறைக்கு மட்டும்தான்னு எங்கேயும் எழுதலை. ஆஸ்பத்திரி பேரைப் போட்ட வெப்சைட்டும் அந்த அறையோட ஒரு ஜன்னல்தான். மருத்துவக் கவுன்சில் இதை ஒரு சுற்றறிக்கையாவே போடலாம். அப்பாயிண்ட்மென்ட், ரிப்போர்ட், நோய் விவரப் பக்கங்கள்ல விளம்பரக் கோட் இருக்கவே கூடாதுன்னு. இதுக்கு 2027 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

23/
சொந்தமா கிளினிக், ஆஸ்பத்திரி, லேப் வெச்சிருக்கறவங்க நாளைக்குக் காலையில வெப்சைட் பார்த்துக்கிற ஏஜென்சிக்கு ஒரு போன் போடுங்க. நம்ம பக்கத்துல எந்தெந்த வெளிக் கம்பெனியோட கோட் ஓடுது? அப்பாயிண்ட்மென்ட் படிவத்துல டைப் பண்றது யார் யாருக்குப் போகுது? ரிப்போர்ட் லிங்க்குக்குப் பாஸ்வேர்டு என்ன? நோயாளியோட போன் நம்பரே பாஸ்வேர்டுன்னா அது பூட்டு இல்லை, பூட்டு படம்.

"செக் பண்ணிட்டுச் சொல்றோம் டாக்டர்"னு பதில் வந்தா, சொல்ற வரைக்கும் அந்தப் படிவத்தை எடுத்துட்டு ரிசப்ஷன் போன் நம்பரை மட்டும் போட்டு வெச்சிடுங்க. ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு பேரையும் டோக்கன் நம்பரையும் நோட்டுல எழுதிக்கும்.